டிரைவர் சட்டைகளும் சுற்றாத சக்கரமும்

அவளைத் தெருவே சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருஷக்கணக்கில் ஆகியும், யாருக்காவது காய்ச்சல் என்றால் முதலில் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். பேசவிடாமல் செய்யத்தான் வாயில் தெர்மாமீட்டரை வைக்கிறாள் என்று அவள் கணவர் சொல்வார். அதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது.

கணவர் பஸ் டிரைவராக இருந்தவர். காலமெல்லாம் காக்கி போட்ட கடுப்பில், வேலையை விட்டதும் பூப்போட்டது, கட்டம்போட்டது என்று சட்டையாக வாங்கிக் குவித்தார். இப்போது வலது தோள் இறுகிவிட்டது. கை மேலேயும் போகாது, பின்னாலும் போகாது. காலையில் அவருக்குச் சட்டை மாட்டுவதற்குள் நாலு வீட்டுக்குக் கேட்கும்படி கத்துவார். பக்கத்து வீட்டுக்காரர் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அடுப்பில் டீ போடுகிறாராம்.

சிஸ்டருக்கு வழி தெரியும். சட்டையின் வலது தோளைக் கழுத்திலிருந்து கை நுனிவரை வெட்டி, ஓரம் தைத்து, அழுத்து பட்டன் வைத்துவிட்டால் போதும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு அப்படித்தான் தைத்துப் போடச் சொல்வாள். தெருமுனை டெய்லரிடம் கொண்டுபோனாள்.

"புதுச் சட்டை சிஸ்டர். கத்திரி வைக்க மனசு வரலையே" என்றார் அவர்.

"எனக்கு வரும். குடுங்க இப்படி" என்று பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டிலேயே ஒரு பழைய கால் தையல் மிஷின் இருந்தது. அவள் கவனித்துக்கொண்ட நோயாளி ஒருத்தியின் மகள் நன்றிக்காகக் கொடுத்தது. நன்றி சொன்ன மாதிரியும் ஆயிற்று, அவர்கள் வீட்டு மூலை காலியான மாதிரியும் ஆயிற்று. வந்த நாளிலிருந்து சக்கரம் அசைந்ததில்லை. துருப்பிடிக்கக் கூடாதே என்று டிரைவர் தலைக்குத் தேய்க்கிற எண்ணெயைக் கிண்ணத்தோடு அதற்குள் ஊற்றினார். அது உள்ளே கோந்தாகி, அசைய நினைத்த பாகங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

மிஷின் ஓடினால் தன் சட்டைகளின் கதி என்ன என்று அவருக்குத் தெரியும். உடனே தம்பிக்குப் போன் போட்டார். "கைகழுவுற தொட்டிக்கு ஸ்டாண்டு கேட்டியே, நம்ம வீட்டுத் தையல் மிஷினோட இரும்பு ஸ்டாண்டு சும்மா கிடக்கு. சாயங்காலமே வந்து தூக்கிட்டுப் போ."

சிஸ்டர் கேட்டுக்கொண்டே நின்றாள். "உங்க தம்பி வர்றதுக்குள்ள ஓடலைன்னா தாராளமா தூக்கட்டும். ஓடிட்டா மிஷின் எனக்கு, சட்டையும் எனக்கு. சரியா?"

"இது ஜென்மத்துல ஓடாது" என்றார் டிரைவர் சந்தோஷமாக.

அவள் பழைய படுக்கை விரிப்பை விரித்து, மிஷின் தலையைக் கழற்றி மல்லாக்கப் படுக்க வைத்தாள். சிரிஞ்சில் மண்ணெண்ணெய் எடுத்து, கண்ணில் பட்ட ஒவ்வொரு மூட்டுக்கும் சொட்டுச் சொட்டாக விட்டாள். பிறகு வெந்நீர்ப் பையை அதன் கழுத்தில் வைத்துத் துண்டால் சுற்றினாள்.

"அது என் பை" என்றார் டிரைவர்.

"உங்களுக்கு வச்சா திட்டுறீங்க. இது பேசாம படுத்திருக்கு பாருங்க."

"ஒரு சுத்தியல் எடுத்து நாலு தட்டு தட்டினா..."

"உங்க தோளையும் அப்படித்தான் பார்க்கணுமா?"

டிரைவர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

சூடு ஏற ஏறத் தலையெண்ணெய் வாசனை கிளம்பி, வீடு சலூன் மாதிரி மணத்தது. கறுப்புக் கோந்து இளகி வழிந்தது. பஞ்சால் துடைத்து, மறுபடி மண்ணெண்ணெய் விட்டு, சக்கரத்தை முன்னே கொஞ்சம் பின்னே கொஞ்சம் அசைத்தாள். இறுகிய முழங்காலைப் பழக்குகிற அதே கைதான். வலிந்து தள்ளவில்லை, விட்டுவிடவும் இல்லை. அடிநூல் பாபின் இருக்கும் இடத்தில் ஒரு நூல் பந்து சிக்கியிருந்தது. இடுக்கியால் அதைப் பிடித்து இழுத்தபோது டிரைவரே பல்லைக் கடித்தார். ஒரு வழியாகச் சக்கரம் முழுச் சுற்று சுற்றியது. ஊசிக் கம்பியும் ஏறி இறங்கியது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சிஸ்டருக்கு அரைகுறைச் சுத்தம் பிடிக்காது. சக்கரத்தின் நடுத் திருகையும் கழற்றி, அதன் பின்னால் இருந்த வளையத்தையும் துடைத்து, திரும்ப மாட்டி, நல்ல மிஷின் எண்ணெய் போட்டாள். தலையைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, பெல்ட்டை மாட்டி மிதித்தாள். சக்கரம் பறந்தது. ஊசி ஆடாமல் அசையாமல் நின்றது.

அந்த நேரம் பார்த்துக் கொழுந்தன் கயிறும் சாக்கும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"என்ன அண்ணி, தூக்கலாமா?"

"இருங்க தம்பி" என்று அவள் மறுபடி மிதித்தாள். ஊசி அசையவில்லை. திருகை இறுக்கி மிதித்தாள். அப்போதும் அப்படியே.

"சும்மா சுத்துது அண்ணி, அவ்வளவுதான். எழுந்திரிங்க" என்று கொழுந்தன் கயிற்றைப் பிரித்தான்.

டிரைவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சட்டைகள் பிழைத்திருக்கும். ஆனால் இன்ஜின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் ஆகவில்லை. துள்ளி எழுந்தார்.

"கிளட்ச் பிடிக்கலடி! அந்த வளையத்தைத் தலைகீழா மாட்டியிருக்கே. கழட்டித் திருப்பிப் போடு!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது.

சிஸ்டர் திருகைக் கழற்றினாள். வளையத்தைத் திருப்பிப் போட்டு இறுக்கி மிதித்தாள். ஊசி தடதடவென்று இறங்கியது.

"அண்ணே, என்னை எதுக்கு வரச் சொன்னே?" என்றான் கொழுந்தன்.

"டீ குடிச்சிட்டுப் போ" என்றார் டிரைவர் சுரத்தில்லாமல்.

கொழுந்தன் டீ குடித்து முடிப்பதற்குள் பூப்போட்ட நீலச் சட்டையின் தோள் பிளந்து கிடந்தது. "பார்த்து, பார்த்து" என்று டிரைவர் கூடவே நின்றார். ஓரத் தையல் கொஞ்சம் கோணலாகத்தான் போயிற்று. அவள் அதுவரை தைத்ததெல்லாம் காயங்களைத்தான். அங்கே யாரும் நேர்கோடு கேட்கவில்லை. கைவேலையாகப் பட்டன்களை வைத்து, அவரை உட்காரச் சொல்லி, தொங்கிய கையின் மேலேயே சட்டையைச் சுற்றி டப்டப்பென்று பூட்டினாள். தெருவில் சத்தமே இல்லை.

டிரைவர் கண்ணாடி முன்னால் போய் நின்றார். இப்படித் திரும்பினார், அப்படித் திரும்பினார்.

"பட்டன் கலர் பொருந்தலை" என்றார்.

கலரைப் பற்றிக் குறை சொல்கிற நோயாளிக்கு வலி இல்லை என்று சிஸ்டருக்குத் தெரியும். அடுத்த சட்டையை எடுத்துக் கத்திரியை வைத்தாள்.