தங்கவேல் வாங்கிய கம்ப்யூட்டர்

போன மாசம் துடியலூரில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தேன். என் நண்பர் தங்கவேல் தவறிவிட்டார். வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு சின்ன லேத் பட்டறை வைத்து, பம்ப்செட்டுக்கு உதிரி பாகங்கள் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தவர். ஐம்பதைக்கூடத் தொடவில்லை. போகிற வயசா அது?

உடலைக் கிடத்த முன்னறையை ஒழித்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகள் வெளியே போயின. டிவி நகர்ந்தது. மூலையில் ஒரு கம்ப்யூட்டர் – புத்தம் புதுசு, பிளாஸ்டிக் உறை போட்டு மூடியிருந்தது. அதைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு வந்த உறவுக்காரர் ஒருவர், போகப்போறோம் என்று தெரிந்தும் மனுசன் எதுக்கு இதை வாங்கினான் என்று என்னிடம் முணுமுணுத்தார்.

எதற்கு என்று எனக்குத் தெரியும். ஆனால் சாவு வீட்டில் நின்றுகொண்டு சொல்கிற விஷயமா அது? உங்களிடம் சொல்கிறேன்.

ஆடி முடிந்த கையோடு ஒரு நாள் தங்கவேல் என் வீட்டுக்கு வந்தார். வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது, டாக்டர் கையை விரித்துவிட்டார் என்று சொன்னார். லேத்தில் பெல்ட் அறுந்துவிட்டது என்று சொல்கிற அதே குரலில் சொன்னார். சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து இரண்டு கொட்டேஷன்களை எடுத்து என் முன்னால் வைத்தார். இதில் எந்தக் கம்ப்யூட்டரை வாங்கலாம்?

நான் கம்ப்யூட்டரில் கட்டுரை அடிக்கிறேன் என்பதால், எனக்கு எல்லாம் தெரியும் என்று ஊருக்குள் ஒரு நம்பிக்கை. எனக்குத் தெரிந்ததெல்லாம் சுவிட்ச் போட, டைப் அடிக்க, சுவிட்சை அணைக்க... அவ்வளவுதான்.

பட்டறையின் மொத்தக் கணக்கும் தங்கவேலின் மண்டைக்குள் இருந்தது. எந்தக் கம்பெனிக்கு எந்த அளவு, யாருக்கு என்ன ரேட், யார் இழுத்தடிப்பார்கள் – எல்லாம். தன்னால் முடிகிறபோதே அதை ஒரு மெஷினில் ஏற்றி, மனைவி சாந்தாமணிக்குப் பழக்கிவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பட்டறை நின்றால் குடும்பம் நின்றுவிடும்.

ஒரு கடை காந்திபுரத்தில், ஒன்று ஆர்.எஸ்.புரத்தில். இரண்டும் அசெம்பிள்டு செட். அதே பென்டியம், அதே ராம், அதே மானிட்டர். காந்திபுரத்துக்காரரிடம் ஹார்டு டிஸ்க் கொஞ்சம் பெரிசு. ஆர்.எஸ்.புரத்தில் ஸ்பீக்கர் இலவசம். லேத் பட்டறைக்கு ஸ்பீக்கர் எதற்கு?

இரண்டு கடைக்கும் போனோம். காந்திபுரத்தில் மாடி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஏறினார். மேலே போனதும் பெட்டியின் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லி, குனிந்து பார்த்தார். ஆர்.எஸ்.புரத்திலும் அதையே செய்தார். உள்ளேயும் ஒண்ணாத்தான் இருக்கிறது என்றார்.

நான் காந்திபுரம் பக்கம் சாய்ந்தேன். ஹார்டு டிஸ்க் மட்டும் காரணமில்லை; அந்தக் கடைக்காரர் கூல்டிரிங்ஸ் வாங்கிக் கொடுத்து, அத்தனை பணிவாகப் பேசினார். ஆர்.எஸ்.புரத்து ஆள் சிடுமூஞ்சி.

தங்கவேல் பிடி கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சாந்தாமணியைக் கூப்பிட்டு போனைக் கையில் கொடுத்தார். "ரெண்டு கடைக்கும் நீயே பேசு அம்மணி. பில் போட்டுட்டு இருக்கையில கரண்டு போனா என்ன பண்றதுன்னு கேளு."

சாந்தாமணி நம்பரைப் போட்டார். முதலில் காந்திபுரம். கேள்வியைத் தட்டுத் தடுமாறிக் கேட்டு முடித்தார். அந்தப் பக்கம் அதே தேன் குரல், எனக்கே கேட்டது. "மேடம், சாரைக் குடுங்க. சார்கிட்டச் சொல்லிடறோம்."

அவரும் ரிசீவரைக் கணவரிடம் நீட்டினார். தங்கவேல் வாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தார். கொஞ்ச நேரம் நீட்டியபடி நின்றுவிட்டு, சாந்தாமணி தானே போனை வைத்தார்.

அடுத்து ஆர்.எஸ்.புரம். சிடுமூஞ்சி சலித்துக்கொண்டேதான் ஆரம்பித்தது. ஆனால் சாந்தாமணியிடமே சொன்னது. புரியவில்லை என்றதும், சலித்துக்கொண்டே இன்னொரு முறை முதலிலிருந்து சொன்னது. இப்போது சாந்தாமணி தானாகவே இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்டார்!

இதையே வாங்கிப்போடலாம் என்றார் தங்கவேல். எனக்கு ஒப்பவில்லை. அந்தக் காந்திபுரத்து ஆள் மரியாதையாகத்தானே பேசினார், அதில் என்ன குறை என்று கேட்டேன்.

"மருவாதி எல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. இன்னிக்கு நான் இருக்கேன், என்கிட்டக் குடுக்கறா. நாளைக்குச் சாரைக் குடுங்கன்னா... இவ யாரைங்க குடுப்பா?"

சாந்தாமணி சமையலறைக்குள் போய்விட்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆர்.எஸ்.புரத்துப் பெட்டிதான் வந்தது. முடிந்த நாளெல்லாம் மனைவி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மண்டையில் இருந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் படுத்துக்கொண்டே சொன்னார். சாந்தாமணி தட்டிக்கொண்டே இருந்தார். எல்லாம் ஏறி முடிந்ததா என்று அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நேற்று எங்கள் வீட்டு மோட்டார் மக்கர் பண்ணியது. எத்தனை வருஷப் பழக்கம்... கை தானாகத் தங்கவேல் பட்டறை நம்பரைப் போட்டது. அந்தப் பக்கம் எடுத்ததும் வாய் முந்திக்கொண்டது – சார் இருக்காருங்களா?

கேட்ட பிறகுதான் உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. போனை வைத்துவிட்டாரோ என்று பயந்தேன்.

வைக்கவில்லை.

"இனி நாந்தானுங்ண்ணா" என்றார் சாந்தாமணி. "சொல்லுங்க."