டோலக் மட்டும் ஒலிக்கும் இடம்

முதல் வரி எனக்குப் பேருந்தில் கிடைத்தது. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் கிடங்கின் அலுவலகத்தில் வேலை, வியாசர்பாடியில் வீடு, விடுமுறை நாட்களில் கானா பாடுவது. அன்று மாலை துறைமுகத்துக்குள் போகக் காத்திருந்த டிரெய்லர் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டிருந்தன. பஸ் அசையவில்லை. நின்றுகொண்டு வந்த என் கால் மட்டும் சும்மா இராமல் தரையைத் தட்டியது. அந்தத் தட்டலோடு ஒட்டிக்கொண்டு, ‘ரோடு நவுரல, காலு நிக்கல’ என்று வாயில் வந்தது. இறங்குவதற்குள் பல்லவி முடிந்துவிட்டது.

அதற்கு மேல்தான் சிக்கல். எனக்கு டோலக் வாசிக்கிற நண்பர் தண்டையார்பேட்டையில் பைக் மெக்கானிக். பாய் என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய ஷெட்டில் உட்கார்ந்து சரணம் சரணமாக எழுதினேன். ஹாரன், டீசல் புகை, டிரைவரின் கைலி, எல்லாம் வந்தது. பாடிப் பார்த்தால் பல்லவிக்குத் திரும்புகிற இடத்தில் ஒவ்வொரு முறையும் தடுக்கியது. சமையல் செய்யும்போதும், அலுவலகத்தில் டைப் அடிக்கும்போதும் அந்த இடத்துக்கு வார்த்தை தேடிக்கொண்டே இருந்தேன். வீட்டில் யார் பேசினாலும் பாதிதான் காதில் விழுந்தது.

“வேகத்த கொறமே,” என்றார் பாய்.

“கொறச்சா பாட்டு பட்த்துக்கும் பாய்.”

“நீ ஓடிக்கினே கீற. கேக்கறவன் எங்க குந்துவான்?”

கோபித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் ராயபுரத்தில் ஒரு சாவு வீட்டுக்குப் பாட அழைத்தார்கள். இறந்தவர் டிரெய்லர் டிரைவர். நெஞ்சு வலி. வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத்தான் சாய்ந்தாராம். மத்தியான வெயிலில் சந்து முழுக்க ஷாமியானா. நானும் பாயும் வழக்கமாகப் பாடுகிறவற்றைப் பாடினோம். அப்போது இறந்தவரின் கூட்டாளி ஒருவர் வந்து, “வண்டி ஓட்றவனுக்குன்னு ஒண்ணு பாடும்மா” என்றார்.

என்னிடம் இருந்தது அந்த அரைகுறைப் பாட்டுதான். பிணத்தின் பக்கத்தில் அதை வேகமாகப் பாட மனம் வரவில்லை. இழுத்து, மெதுவாக எடுத்தேன். பாய் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு விரலால் மட்டும் தட்டினார். தடுக்குகிற இடம் வந்தது. வார்த்தை இல்லாமல் நான் நின்ற அந்தக் கணத்தில், தலைமாட்டில் உட்கார்ந்திருந்த இறந்தவரின் மனைவி ஓங்கி அழுதார்.

“தெனம் போன் போட்டு சொல்வியே! சோத்த மூடி வையி, வந்துகினே கீறேன்னு சொல்வியே!”

என் வாய் என்னைக் கேட்கவில்லை. ‘சோத்த மூடி வையி, வந்துகினே கீறேன்’ என்று அப்படியே ராகத்தில் போட்டுப் பல்லவிக்குத் திரும்பினேன். ஓர் எழுத்து கூடவில்லை, குறையவில்லை. சந்தில் ஆண்களும் அழுதார்கள். மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குக் கிளம்பும்வரை அதையே திரும்பத் திரும்பப் பாடச் சொன்னார்கள்.

அங்கே யாரோ போனில் எடுத்தது தெரிந்தவர்களுக்குள் சுற்றியது. பிறகு பாட்டை ஒழுங்காகப் பதிவு செய்யலாம் என்று தெரிந்த ஸ்டூடியோக்காரர் ஒருவர் கேட்டார். சந்தோஷப்பட வேண்டியவள்தான். தூக்கம் போய்விட்டது. பாட்டு முழுக்க என்னுடையது, அந்த ஒரு வரியைத் தவிர. அந்த வரிக்காகத்தான் எல்லோரும் பாட்டைக் கேட்கிறார்கள். பாயைக் கூட்டிக்கொண்டு ராயபுரம் போனேன்.

இறந்தவரின் மனைவி, அந்த அக்கா, வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தார். அவர் சொல்லி அழுத வரியைப் பாட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அரிவாள்மணையிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார்.

“இந்தப் பாட்டு எங்கெங்க கேக்கும்?”

“எல்லார் போன்லயும் கேக்கும்கா.”

“நல்லாதான் கீது. நான் இல்லேங்கல. ஆனா, போற வர்றவன்லாம் அத்த பாடிகினு போனான்னு வையி, அப்பால எனக்கு அவுரு கொரலு மறந்துடும் பொண்ணு. உன் கொரலுதான் நிக்கும்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “பாட்ட பாடு. அத்த மட்டும் வுட்டுடு” என்றார்.

சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் பதிவுக்கு முந்தைய வாரம் முழுக்க நான் பட்ட பாடு! அந்த இடத்தில் எதை வைத்தாலும் பொய்யாகப் பட்டது. கடலை வைத்தேன், பிள்ளையை வைத்தேன், சாமியைக்கூட வைத்தேன். ஸ்டூடியோவில் மைக் முன்னால் நின்ற பிறகும் மாற்றிக்கொண்டே இருந்தேன். கடைசியில் பாய் ஹெட்போனைக் கழற்றினார்.

“வார்த்தயே வோணாமே. நீ வாய மூடிக்க. நான் வாசிக்கறேன்.”

நான் நிறுத்தினேன். டோலக் மட்டும் அந்த வரியின் நீளத்துக்கு அடங்கி நடந்து பல்லவியில் என்னைச் சேர்த்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஸ்டூடியோக்காரர் கட்டை விரலைத் தூக்கினார்.

பாட்டு வெளியானது. பாதியில் குரல் மட்டும் நின்றுவிட்டதே, பதிவில் கோளாறா என்று கேட்டவர்கள் உண்டு. போன மாதம் விம்கோ நகரில் ஒரு மேடையில் பாடியபோது, அந்த இடம் வந்ததும் கூட்டம் தானாகவே கைதட்டித் தாளம் போட ஆரம்பித்தது. பாய் சிரித்துக்கொண்டே வாசித்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். எனக்குள்ளே அந்த வரி, ராயபுரத்து அக்கா அன்று அழுத குரலிலேயே, ஓடி முடிந்தது. பல்லவியை எடுக்க எனக்கு ஒரு நொடி தாமதமாகிவிட்டது.