மட்டாஞ்சேரியில் மதி

2007 ஜூலையில் நான் மட்டாஞ்சேரிக்குப் போனது ஊர் சுற்ற அல்ல. எர்ணாகுளத்தில் ஒரு கல்லூரியில் எங்கள் குட்டி ரோபோ வண்டிகள் எட்டையும் ஓட்டிக் காட்ட வேண்டும். அங்கே சொதப்பினால் திட்டத்தை மூடிவிடுவதாக எங்கள் துறைத் தலைவர் சொல்லியிருந்தார். மூன்று வருட வேலை அது.

கோவையில் காலை 5.45 பஸ். 190 கிலோமீட்டர், ஆறு மணி நேரம், வழியெல்லாம் மழை. ஜன்னல் ஒழுகியதால் அட்டைப் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன், தொடை மரத்துப் போனது. எர்ணாகுளம் படகுத்துறையில் படகு பிடித்தால் மட்டாஞ்சேரிக்கு மூன்றரை ரூபாய். லாட்ஜ் அறை 250. (எர்ணாகுளத்தில் 450 கேட்டார்கள்.) அறையில் பெட்டியைத் திறந்தால் ஒன்றாம் நம்பர் வண்டியின் அச்சு முறிந்து கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். மண்ணில் ஒரு வகை அமீபா உண்டு. தீனி இருக்கும்வரை தனித்தனியாகத் திரியும். தீர்ந்ததும் ஒன்று ஏதோ ஒரு ரசாயனத்தைக் கசியவிடும். பக்கத்தில் இருப்பது அதை உணர்ந்து, தானும் கசியவிட்டு, அந்தத் திசையில் நகரும். இப்படியே ஆயிரக்கணக்கில் கூடி ஒரே உடம்பாக ஊர்ந்து போகும். தலைவன் கிடையாது. எங்கள் வண்டிகளும் அப்படித்தான், ரசாயனத்துக்குப் பதில் விளக்கைச் சிமிட்டி ஒன்றையொன்று கூப்பிட்டு, கனமான பெட்டியைச் சேர்ந்து தள்ளும் என்று எழுதிக் கொடுத்திருந்தோம். உண்மையில் நான் ஒரு திருட்டுத்தனம் செய்திருந்தேன். எத்தனை வண்டி சேர்ந்தது என்று எண்ணி, "தள்ளு" என்று உத்தரவு போடுவது ஒன்றாம் நம்பர் மட்டும்தான். எண்ணுவதற்கு அதுவும் கூடவே ஓட வேண்டும், அதுதான் இப்போது அச்சு முறிந்து கிடந்தது.

ஒரு மணிக்குப் பசி தாங்காமல் பஜார் ரோட்டில் ஒரு சின்னக் கடைக்குள் நுழைந்தேன். பரிமாறிய செல்வி அக்காவின் அப்பா பொள்ளாச்சிக்காரராம். இரண்டாவது கரண்டிச் சோற்றோடு நின்று, "மதியா சாரே?" என்றார். மதியச் சாப்பாடா என்று கேட்கிறார் போல என நினைத்து, "ஆமாக்கா" என்றேன். சோற்றுப் பாத்திரம் உள்ளே போய்விட்டது. காலி இலையைக் காட்டி, "சோறு எங்கேக்கா?" என்றேன்.

விஷயம் புரிந்ததும் சிரித்தார். "மதின்னா போதும்னு அர்த்தம் சாரே. அச்சன் பறஞ்ச தமிழ் எனக்குப் பாதி மறந்துபோச்சு. இருங்க, சோறு தரேன்."

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எதிரே இஞ்சிக் கிடங்கு வாசலில் ஒரு மினி லாரி பள்ளத்தில் இறங்கிவிட்டது. ஒரு சுமைக்காரர் போய்க் கை வைத்து, ஒரு கூவல் விட்டார். அதைக் கேட்டு வந்தவரும் கூவினார். நாலு பேர் ஆனதும், "ஆளு மதியோ?" என்று ஒரு குரல். "ஆயில்ல." இன்னும் ஆகவில்லையாம். மேலும் இரண்டு பேர் வந்தார்கள். "மதி, மதி" என்று நாலைந்து வாயிலிருந்து ஒரே நேரத்தில் வந்தது. லாரி மேலே ஏறியது. ஆளாளுக்குக் கலைந்து போனார்கள்.

"அதுல மேஸ்திரி யாருக்கா?"

"மேஸ்திரியா? ஆளு மதின்னு அவங்கவங்களுக்குத் தோணினா தள்ளுவாங்க. தோணலைன்னா நிப்பாங்க, அவ்வளவுதான்."

சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு அறைக்கு ஓடினேன். ஒவ்வொரு வண்டியும் சுற்றிலும் தெரியும் சிமிட்டலைத் தானே எண்ணட்டும், தன்னோடு சேர்த்து ஐந்து ஆனால் தள்ளட்டும். இவ்வளவுதான் மாற்றம். ஏழு வண்டிக்கும் ஒவ்வொன்றாகக் கேபிள் மாட்டி ஏற்றி முடிக்க மாலை ஆறரை. முதுகு விட்டுப்போனது.

மறுநாள் பதினோரு மணிக்கு ஒன்றாம் நம்பரை மேஜை மேல் எல்லோரும் பார்க்க வைத்துவிட்டு மற்றதை ஓடவிட்டேன். முதல் தடவை மூன்று வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. இரண்டாவது தடவை ஒன்றுமே அசையவில்லை. மூன்றாவது தடவை ஐந்து போய்ச் சேர்ந்தன, சிமிட்டின, பெட்டி ஒரு சாண் நகர்ந்தது. மூன்று வருடத்தில் முதல் தடவையாகப் பொய் சொல்லாமல் நின்றேன்.

அந்தக் கல்லூரியின் பெரியவர் ஒருவர் எழுந்து, தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்டார்: "இதுல எதுக்குமே மூளை இல்ல. பின்னே புத்தி எவிட இருக்கு?"

பஜாரில் கேட்ட அந்த ஒரு வார்த்தையிலிருந்து விளக்கலாம் என்று, "மதி..." என்று ஆரம்பித்தேன்.

"ஓ, சாரி" என்று அவர் உட்கார்ந்துவிட்டார். பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. விளக்க எனக்கும் தெம்பில்லை. திட்டத்துக்கு இன்னும் ஒரு வருடம் கிடைத்தது.

போகிறவர்களுக்கு: மழைக்காலத்தில் பெட்டிக்கு இரண்டு பிளாஸ்டிக் உறை போடுங்கள். கடைசிப் படகு நேரத்தை இறங்கும்போதே கேட்டுவிடுங்கள். சாப்பாட்டுக் கடையில் "மதியா?" என்றால், வயிறு நிறைகிறவரை ஆமா சொல்லாதீர்கள்.