குடைக்குள் வந்தவர்

எண்ணூர் துறைமுகத்தில் கப்பலேறக் காத்திருக்கும் கார்களின் ஆவணங்களைச் சரிபார்க்க வந்த கொரிய அதிகாரி ஒருவருக்கு இரண்டு வருடம் வண்டி ஓட்டினேன். மாவு போல வெளுத்த முகம். ஏறி உட்கார்ந்ததும் காலுறையைக் கழற்றிக் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டே வருவார்.

ஊருக்கு வந்தவரை வெயிலில் காயவிடலாமா? ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை மாட்டினேன். வண்டியை அலுவலக வாசற்படியோடு ஒட்டி நிறுத்துவேன். பத்தடி நடக்க வேண்டியிருந்தாலும் குடையோடு ஓடுவேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பார். பிறகு தலைகுனிந்து நன்றி சொல்லிவிட்டுக் குடைக்குள் வந்துவிடுவார்.

ஒருநாள் ரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டினார். கால்வலிக்குக் காரணம் வைட்டமின் டி குறைவு என்று டாக்டர் சொன்னாராம்.

"இன்னா சார் இது! இங்க வெயிலு கொட்டிகினு கீது, உங்களுக்கா கம்மி?" என்று சிரித்தேன்.

"எங்க நாட்டுல நிறைய பேருக்குக் கம்மி, அண்ணா," என்றார், கற்றுக்கொண்ட தமிழில். "காலைல ஆபீஸ் உள்ளே. இருட்டினா வெளியே. இந்தியா போனா வெயில் கிடைக்கும்னு அம்மாவுக்கு சந்தோஷம்."

எனக்குச் சுருக்கென்றது. "அப்பவே சொல்லிருக்கலாமே சார்!"

"நீங்க ஓடி வந்தீங்க. அன்பா. வேணாம்னு எப்படி சொல்றது?"

அடுத்த வாரமே அவரை ஊருக்குத் திரும்ப அழைத்துவிட்டார்கள். விமான நிலையத்தில் இறங்கியவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, உச்சிவெயிலில் கண்மூடி நின்றார். பழக்கதோஷம், என் கை குடையை விரித்துவிட்டது. நான் மடக்குவதற்குள் அவர் கண்திறந்து பார்த்தார். எப்போதும்போலத் தலைகுனிந்து, குடைக்குள் வந்து நின்றார்.