மேஸ்திரியின் வேட்டி

தாமிரபரணிக் கரைப் பஞ்சாலையில் மேஸ்திரி சத்தியநேசனுக்குத் துரை போட்ட புதுச் சட்டம் வேதவாக்கு. எந்திரத்துக்குப் பக்கத்தில் வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டாதவனைக் கண்டால் உடனே துரையிடம் சொல்ல வேண்டும். சொல்லாதவனுக்கும் சீட்டுக் கிழியும். வேட்டி அவிழ்ந்தவனிடமே, "வேட்டி அவிழுது வே" என்று எச்சரித்த இரண்டு பாவிகளை, துரையிடம் மறைத்த குற்றத்துக்காக வீட்டுக்கு அனுப்பிய புண்ணியவானும் மேஸ்திரியே.

ஒருநாள் அவர் வேட்டி நுனியே அவிழ்ந்து, சுழலும் தோல்வாரின் பக்கம் ஆடியது. கண்டவர்கள் அத்தனை பேரும் துரையின் அறைக்கு ஓடினார்கள். எந்திரம் வேட்டியை முழுசாக உருவிக்கொண்டது. கோவணத்தோடு நின்ற மேஸ்திரி அலறினார்.

"ஏலே, எங்கிட்ட ஒருத்தனாவது சொல்லப்படாதா?"

அறை வாசலில் வரிசையில் நின்ற சுடலைமுத்து பணிவாகத் திரும்பினான்.

"மொதல்ல துரைகிட்டல்லா சொல்லணும், அண்ணாச்சி? எம்முறை இன்னும் வரலையே."