முழங்கால்களின் மேல் வந்த மாலை

1931 பிப்ரவரி 26, வியாழக்கிழமை. வழக்கம்போல் விடியுமுன் குளித்து, பழைய சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டு, மேல்கோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கோலாலம்பூர் ஸ்டேஷனுக்கு நடந்தேன். எனக்குக் கிள்ளானில் குமாஸ்தா வேலை. இறங்கிய பிறகுதான் கோட்டைப் போடுவேன். ரயிலில் போட்டால் கரித்தூள் படிந்துவிடும்.

மூன்றாம் வகுப்பில் எதிரெதிராகப் பலகைகள், ஒரு பலகைக்கு மூன்று பேர். தினமும் எனக்கு எதிரே உட்காருகிறவர் ஒரு ஜவுளி வியாபாரி. பருத்த ஆள், வாயில் சுருட்டு. காலை அகட்டித்தான் உட்காருவார். அவர் முழங்கால் என் பக்கம் வரும். நான் குடையைக் குறுக்கே வைப்பேன். பல மாதங்களாக இந்த எல்லைத் தகராறு பேச்சே இல்லாமல் நடந்துகொண்டிருந்தது.

அன்று வண்டி நகரத் தொடங்கியபோது ஓர் இளைஞன் ஓடி வந்து ஏறினான். இரண்டு கைகளிலும் அகலமான மூங்கில் தட்டு. அதில் வாழையிலை மூடிய இரண்டு மல்லிகை மாலைகள்.

"அண்ணே, கொஞ்சம் இடம் குடுங்க. தங்கச்சிக்குக் கல்யாணம். பத்தரைக்குள்ள முகூர்த்தம்."

"கிள்ளான்ல மாலை கட்ட ஆளே இல்லையா?" என்றார் வியாபாரி.

"பூக்காரர் வீட்டுல நேத்து சாவு. தீட்டோட கல்யாண மாலை கட்டக்கூடாதுன்னு அவரே சொல்லிட்டாரு. பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒருத்தரை எழுப்பிக் கட்டி வாங்கிட்டு வரேன்."

"சரி, கீழ வச்சுட்டு நில்லு."

"ஐயையோ, கீழ வைக்கக்கூடாதுண்ணே. மாப்பிள்ளையோட அம்மா என்ன குறை கிடைக்கும்னு பார்த்துக்கிட்டே இருக்காங்க. தரையில வச்ச மாலைன்னு தெரிஞ்சா மணவறையிலேயே சத்தம் போடுவாங்க. தங்கச்சி அழுதுடும்."

தரையில் வெற்றிலை எச்சில் வேறு. மேலே பலகைத் தட்டில் யாருடையதோ கருவாட்டு மூட்டை. மூங்கில் தட்டு ஒருவர் மடிக்கு அடங்காத அகலம். அவனோ நிற்கக்கூட இடமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தான். ஒரு குலுக்கலில் தட்டு சரிந்து, வாழையிலை விலகியது.

என் பக்கத்தில் இருந்த சொங்கோக் தொப்பி அணிந்த மலாய்க்காரர் தம் முழங்கால்களை முன்னே தள்ளி, எதிரே இருந்தவரின் முழங்கால்களோடு ஒட்டினார். பிறகு தட்டை இங்கே வை என்று கண்ணால் காட்டினார். நான் குடையை எடுத்துப் பின்னால் சாய்த்தேன். வியாபாரி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் அகட்டியிருந்த கால்கள் சேர்ந்தன. ஆறு பேரின் முழங்கால்களும் ஒரு மேசையாயின. என் துண்டை விரித்தோம். தட்டு அதில் உட்கார்ந்தது.

"அண்ணே, சுருட்டு…" என்று இழுத்தான் அவன். "புகை பட்டா பூ வாடிரும். மோந்தும் பார்க்கக்கூடாது, சாமிக்கும் மணமக்களுக்கும்தான் முதல் வாசனை."

"மூக்கைப் பொத்திக்கிட்டு வரணுமா? டிக்கெட்டுல அப்படிப் போடலியே, தம்பி!" என்றார் வியாபாரி. பெட்டியே சிரித்தது. ஆனாலும் சுருட்டை ஜன்னல் சட்டத்தில் தேய்த்து அணைத்தார். கரிப்பொறி பறந்துவந்த பக்கத்து ஜன்னல் பலகையை யாரோ இறக்கினார்கள். புழுக்கத்தில் எல்லோருக்கும் வேர்த்து வழிந்தது, ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அந்த வாசனையை முகராமல் இருப்பதுதான் முடியாத காரியம். ஒவ்வொருவரும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு வந்தோம்.

பெட்டாலிங், சுங்கை வே எல்லாம் கடந்தன. பத்து தீகா ஸ்டேஷனில் மலாய்க்காரர் இறங்க வேண்டும். எழுந்தால் தட்டின் ஒரு மூலை சரியும். அவர் எழாமலே நிற்கிறவர்களைப் பார்த்தார். கார்டு விசில் ஊதினான்.

"துவான், இறங்குங்க, வண்டி போயிரும்!" என்று பதறினான் இளைஞன்.

"தா அப்பா, தா அப்பா," பரவாயில்லை என்று மலாயில் சொல்லிக்கொண்டே அவர் மெல்ல எழுந்து, கையைத் தட்டுக்குக் கீழே முட்டுக்கொடுத்தார். வழியில் நின்ற ஒரு சீனக் காய்கறிக்காரர் கூடையைத் தோழரிடம் தள்ளிவிட்டு, குனிந்து நுழைந்து, அந்த இடத்தில் உட்கார்ந்து முழங்காலைக் கொடுத்தார். அதன் பிறகே மலாய்க்காரர் கையை எடுத்தார். வண்டி நகர்ந்துகொண்டிருக்கையில்தான் பிளாட்பாரத்தில் குதித்தார். திரும்பி நின்று கை காட்டினார்.

கிள்ளானில் இறங்கும்போது வியாபாரி எழுந்து, "வழி விடுங்கப்பா, கல்யாண மாலை வருது!" என்று தம் பருத்த உடம்பால் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னே போனார். இளைஞன் அவர் பின்னாலேயே சென்றான். வெளியே ஒரு ரிக்‌ஷா காத்திருந்தது. ஏறி உட்கார்ந்தவன் இலையை விலக்கிப் பார்த்தான். ஒரு பூகூடக் கசங்கவில்லை. நேரமும் நிறைய இருந்தது.

"ஐயா, நீங்க பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கமா?" என்று என்னைக் கேட்டான். "அங்க மாலை கட்டின பூக்காரர் ராத்திரி பூரா கண்ணு முழிச்சுக் கட்டினாரு. 'எப்படிடா ரயில்ல கொண்டுபோவ?'ன்னு கவலைப்பட்டுக்கிட்டே இருந்தாரு. கோயிலுக்கு எதிர்த்தாப்ல கடை. மாலை நல்லபடியா வந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுறீங்களா?"

சொல்கிறேன் என்றேன். ரிக்‌ஷா போனது. நானும் வியாபாரியும் கடைத்தெரு வரை சேர்ந்து நடந்தோம். அவருடைய சொந்த ஊரை அன்றுதான் கேட்டேன்.

மறுநாள் காலை, ஸ்டேஷனுக்குக் கிளம்புமுன் முதலில் பூக்கடைக்குப் போனேன். அவர் வாழைநாரைக் கிழித்துக்கொண்டிருந்தார். மாலை தரையைத் தொடாமல் போய்ச் சேர்ந்தது என்று சொன்னேன்.