முனகாத ஈயம்

இருதயசாமி தில்லியில் தமிழர் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பில் பிறந்தவன். கேம்ப்பை இடித்ததும் ஊர்க்கோடி நரேலாவில் வீடு கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. கடைசியில் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை சேர்த்துக்கொண்டது. அங்கே இரும்புச் சட்டியில் வெள்ளீயத்தை உருக்கி, கிண்டிக் கிண்டிச் சாம்பலாக்கி, பஸ்பம் என்று காப்ஸ்யூலில் அடைத்து, சர்க்கரைக்கும் பலத்துக்கும் என்று விற்கிறார்கள்.

வெள்ளீயத்தின்மேல் எனக்குப் பகை இல்லை. துருப்பிடிக்காது. அடுப்புச் சூட்டிலேயே உருகும். பித்தளைப் பாத்திரத்துக்குள் பூசுகிறோம்; மீன் டப்பாவுக்கு உட்புறமும் அதுதான். ஆனால் மனித உடம்புக்கு அது தேவை என்று இதுவரை எவனும் நிரூபித்ததில்லை. அதை மட்டும் டப்பாமேல் அச்சடிக்க மாட்டார்கள்.

பண்டிகைக்கு முதலாளி போனஸுக்குப் பதில் காப்ஸ்யூல் டப்பாக்களை நீட்டினார். கூட வேலை செய்த பீகார்க்காரர்கள் சிரித்துவிட்டு வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். இருதயசாமி வீட்டுக்குக் கொண்டுபோனான். அவன் மனைவி லிடியா அப்போது முழுகாமல் இருந்தாள்.

"இன்னா மாத்திரை இது?"

"பலத்துக்கு. சும்மா போடு. நீ வேல செய்ற ருக்கு மாமி வூட்ல ஈயச் சொம்புலதான ரசம் வெக்கிறாங்க? நீயே வெளக்கியிருக்க. அதே ஈயம்தான்."

தினமும் விழுங்கினாள். தீர்ந்தால் அவனே கேட்டு வாங்கி வந்தான்.

வெள்ளீயக் கட்டியை வளைத்தால் முனகும். காதருகே பிடித்தால் உள்ளே ஏதோ நொறுங்குவதுபோல் கேட்கும். சட்டியில் போடுமுன் ஒன்றை வளைத்துப் பார்ப்பது இருதயசாமிக்கு விளையாட்டு. குளிர் தொடங்கியதும் வந்த சரக்கு முனகவில்லை. கனமாக, மெத்தென்று மடங்கியது. அவனும் பேசாமல் சட்டியில் போட்டான். பிறகு லிடியாவுக்கு வயிற்றைப் பிடித்து முறுக்கத் தொடங்கியது. மலம் இறங்கவில்லை. வாயெல்லாம் இரும்புக் கசப்பு என்றாள். அதற்கப்புறம்தான் மேற்பார்வையாளர் ஷங்கரிடம் போய் நின்றான்.

"சார், கட்டி சத்தமே போடல."

"சத்தம் வேணும்னா எஃப்.எம். போட்டுக்கோ. ஜல்தி கிண்டு."

"எங்கேந்து வந்த சரக்கு சார்?"

"பழைய டீவி, கம்ப்யூட்டர் போர்டுல சுரண்டின சால்டரிங் பத்து. எல்லாம் ஈயம்தான்."

"அதுல காரீயம் கலந்திருக்குமே!"

"இருக்கும். துளியூண்டு. எவனும் சாகல." ஷங்கர் சிரித்தான். "ஏம்ப்பா, நீயே டப்பா டப்பாவா வீட்டுக்குத் தூக்கிண்டு போறியே?"

அரசாங்க ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். காரீயம் ஏறியிருக்கிறது என்று சொன்ன டாக்டரம்மா, காப்ஸ்யூலைக் குப்பையில் எறிந்தார். குழந்தைக்கும் போயிருக்கும், எவ்வளவு கெடுதல் என்பது பிறந்து வளரும்போதுதான் தெரியும் என்றார்.

போலீஸுக்குப் போ என்று சொன்னேன். "போறேண்ணே" என்றான். போகவில்லை. வேலையையும் விடவில்லை, பிரசவம் நெருங்கும் வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே. அந்தப் பட்டறை இன்றைக்கும் ஓடுகிறது. டப்பாக்கள் கடைக்குப் போய்க்கொண்டேதான் இருக்கின்றன.

போன வாரம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். லிடியா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் வாசல் குழாயில் சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்துக்கொண்டிருந்தான்.

"யோவ், ஒதைக்குது. சீக்கிரம் வந்து தொட்டுப் பாரு."

"இரு. கை கழுவிட்டு வரேன்."

"எத்தினி வாட்டிய்யா கழுவுவ?"

அவன் மறுபடி சோப்பை எடுத்தான்.